எண்ணியவர்கள் விட்டுப்போன பெயர்கள்

 முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாலுகா அலுவலகத்துக்காரர்களும் இன்றைக்கு எனக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு தொண்டு. இரத்ததானம் போலப் பத்திரிகையில் படம் வராத தொண்டு. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் கையால் எழுதப்பட்டிருக்கும் பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடிக்கும் பெயரடைவாக ஆக்கிக் கொடுக்கும் தொண்டு. சம்பளம் கிடையாது. உங்களால் பயனடைந்தவர் யார் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இதைச் செய்கிறார்கள். எதற்காக?

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். கணக்கெடுப்பு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? எண். இத்தனை கோடி ஆண்கள், இத்தனை கோடி பெண்கள். எந்த அரசாங்கமாவது உங்கள் பாட்டியின் பெயரைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறதா? இல்லை. பெயரை எழுதுவது எதற்கென்றால், ஒருவரை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது, ஒருவரையும் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். கூட்டுத்தொகை வந்துவிட்டதா, பெயரின் வேலை முடிந்தது. கணக்கெடுத்தவர்களுக்கு வேண்டியது எண். நமக்கு வேண்டியது பெயர். எண்ணுகிறவன் தேவையில்லை என்று விட்டுப்போன அந்தப் பெயரைத்தான் இந்தத் தொண்டர்கள் நூறு வருஷம் கழித்துப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1881 பிப்ரவரி 17 இரவு. இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. அதன் அறிக்கைகள் தடித்தடியான தொகுதிகளாக இன்றும் இருக்கின்றன. எத்தனை பேர், என்ன தொழில், எத்தனை பேருக்குக் கண் தெரியாது, எத்தனை பேருக்குக் காது கேளாது, எல்லாம் அட்டவணையில் உண்டு. அட்டவணைக்கு ஆதாரமான வீட்டுத் தாள்கள் எங்கே? கூட்டல் முடிந்ததும் அவற்றை அழித்துவிட்டார்கள். ஒரு கணக்கெடுப்பு, இரண்டு கணக்கெடுப்பு அல்ல. இதுதான் நம் நாட்டில் வழக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த எண்ணில் ஒன்றாக இருக்கிறார். அவர் எந்த ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது.

தாளைக் காப்பாற்றிய நாடுகள் உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா காப்பாற்றின. அங்கேயும் எல்லாம் தப்பிவிடவில்லை. அயர்லாந்தில் 1821 முதல் 1851 வரையிலான தாள்களில் பெரும்பகுதி 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீப்பற்றி எரிந்தபோது சாம்பலாயிற்று. 1861-க்கும் 1871-க்கும் தீ வேண்டியிருக்கவில்லை, அரசாங்கமே அழித்தது. அடுத்த இரண்டும் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின.

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை, வேதனையான வேடிக்கை. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 1921 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. தீ தின்றது ஒரு பங்கு. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர் ஊறவைத்தது இன்னொரு பங்கு. நனைந்த தாளைக் காயவைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டார்கள், அன்றைக்கே பலர் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் இழுத்தடித்து, 1933 பிப்ரவரியில் மிச்சத்தையும் அழிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய நாள் அதிபர் ஹூவர் ஒரு புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். எந்தக் கட்டடம்? தேசிய ஆவணக் காப்பகம்! ஆவணத்துக்கு வீடு கட்ட நேற்று கல் நட்டார்கள். அந்த வீட்டில் குடியேற வேண்டிய ஆவணத்துக்கு இன்று தீர்ப்பு எழுதினார்கள். ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களை எழுதிய அந்தக் கணக்கெடுப்பில் இன்று மிஞ்சியிருப்பது ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

சரி, தாள் தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தப்பிய தாளில் பெயர் கிடைத்துவிடுமா? அதுதான் இல்லை.

2012 ஏப்ரல் 2-க்கு வருவோம். அமெரிக்கச் சட்டப்படி கணக்கெடுப்பில் எழுதிய தனிமனித விவரங்களை 72 ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது. 1940-ஆம் ஆண்டுத் தாள்களுக்கு அந்தக் கெடு முடிந்தது. முப்பத்தெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. திறந்த சிறிது நேரத்திலேயே தளம் திணறி நின்றது, அவ்வளவு கூட்டம். உள்ளே போனவர்கள் என்ன பார்த்தார்கள்? படங்களைப் பார்த்தார்கள். பெயர் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஏனென்றால் அது வெறும் படம்.

நம் வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். பாகம் எண் தெரிந்தால்தான் தெரு. தெரு தெரிந்தால்தான் வீடு. வீடு தெரிந்தால்தான் பெயர். அமெரிக்கத் தாள்களும் அப்படித்தான் வட்டாரம் வட்டாரமாக அடுக்கப்பட்டவை. 1940-ல் தாத்தா எந்த ஊரில், எந்தத் தெருவில் இருந்தார் என்று தெரிந்தால் தேடலாம். ஆனால் அது தெரியாமல்தானே ஐயா தேடவே வருகிறோம்? வேலை தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பத்துக்கு எந்த முகவரியைச் சொல்வது?

மொத்தம் 13 கோடியே 20 லட்சம் பேர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கெடுப்பாளர்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். இதற்குப் பெயரடைவு போட எத்தனை வருஷம் ஆகும்? ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தொண்டர்கள் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் தொடங்கியது ஆகஸ்டில் முடிந்தது. ஐந்தே மாதம்!

இதை எப்படிச் செய்தார்கள்? ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தில் நாற்பது வரி. ஒரு வரிக்கு ஓர் ஆள். தலைப்பில் மாநிலம், ஊர், தேதி, கணக்கெடுத்தவர் பெயர். கீழே கட்டம் கட்டமாகப் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, ஆணா பெண்ணா, வயது, மணமானவரா, எத்தனையாவது வரை படிப்பு, எங்கே பிறந்தவர், ஐந்து வருஷம் முன்னால் எங்கே குடியிருந்தார், போன வருஷச் சம்பளம் எவ்வளவு. சம்பளம் ஐயாயிரம் டாலருக்கு மேலே என்றால் ஐயாயிரம் எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி; அதற்கு மேல் துருவக் கூடாது.

ஒரு வீட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது என்ன? கதவைத் திறந்து பதில் சொன்ன ஆள் அவர்தான் என்று அடையாளம். வயதுக் கட்டத்தில் சில இடங்களில் 11/12 என்று பின்னம் இருக்கும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பதினொன்றா, பன்னிரண்டா என்று குழம்புவார்கள். பதினொரு மாதக் குழந்தை அது. பெயர் வைக்காத குழந்தை என்றால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்ஃபன்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கணக்குக்குக் குறித்த நாள் ஏப்ரல் 1. ஏப்ரல் 2-ல் பிறந்த குழந்தை, கணக்கெடுப்பாளர் வரும்போது தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாலும் கணக்கில் கிடையாது!

இந்தத் தாளைத் தொண்டர் ஒருவர் தட்டச்சு செய்கிறார். அதே தாளை, அவருக்குத் தெரியாமல், எங்கோ இருக்கும் இன்னொருவரும் தட்டச்சு செய்கிறார். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் அனுபவமுள்ள மூன்றாவது ஆள் படத்தைப் பார்த்துத் தீர்த்து வைக்கிறார். 1940 தாள்களுக்கு இப்படித்தான் நடந்தது.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. விதி என்று சொன்னால் போதாது, விரதம் என்றே சொல்லலாம். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடி. வில்லியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் போட்டுச் சுருக்கி எழுதும் வழக்கம் இருந்தது. இது வில்லியம்தான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் விரிக்காதே. கணக்கெடுத்தவர் எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறாரா? திருத்தாதே. மனைவியின் வயது புருஷன் வயதைவிடப் பதினைந்து கூடுதலாக இருக்கிறதா? உனக்கென்ன, அப்படியே அடி. கெட்டிக்காரர்களுக்குத்தான் இந்த விரதம் கஷ்டம். திருத்தக் கை துறுதுறுக்கும்.

எழுத்து புரியவில்லை என்றால்? ஊகிக்கக் கூடாது, தேட வேண்டும். அதே பக்கத்தில் அதே கை இன்னும் முப்பத்தொன்பது வரி எழுதியிருக்கிறதே! இந்த ஆள் ‘எஸ்’ எழுத்தை எப்படிச் சுழிக்கிறார், ‘எல்’ எழுத்தை எப்படி வளைக்கிறார் என்று மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்க் கட்டத்தில் சந்தேகமில்லாத சொல் ஒன்று இருக்கும். அதிலிருந்து எழுத்தைப் பிடித்து வந்து பெயர்க் கட்டத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். பத்துப் பக்கம் போனால் அந்தக் கணக்கெடுப்பாளரின் கை உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். காலையில் நிதானமாக எழுதியவர் சாயங்காலம் ஆக ஆகக் கிறுக்குவதுகூடத் தெரியும்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைப் பார்த்துப் பதிப்பித்தபோது பாடபேதங்களைக் குறித்தார். தமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை. பதிப்பின் கடைசியில் அரும்பத அகராதியும் சேர்த்தார். அந்த அகராதி எவ்வளவு உழைப்பு என்று வாசகன் யோசிப்பதில்லை, புரட்டிப் பார்த்துப் பயனடைந்துவிட்டுப் போகிறான். அடைவு போடுகிறவன் கதி எந்தக் காலத்திலும் அதுதான்.

இணையம் வருவதற்கு முன்னால் இது முடிந்ததா என்று இளைஞர்கள் கேட்கலாம். முடிந்தது. பிரிட்டனில் 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கெடுப்புக்குப் பெயரடைவு போடும் வேலை 1988-ல் தொடங்கியது. ஊர் ஊராக இருந்த குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் உறுப்பினர்கள் செய்தார்கள். தாளின் நகல் தபாலில் வரும், சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையால் படிவத்தில் எடுத்தெழுதித் திருப்பி அனுப்புவார்கள், இன்னொருவர் சரிபார்ப்பார், வேறொருவர் கணினியில் ஏற்றுவார். 1999-ல் அது குறுந்தட்டுகளாக வெளிவந்தது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள்! அந்த வேலையை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானது அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம். மார்மன் திருச்சபையைச் சேர்ந்த அமைப்பு அது, 1894-ல் தொடங்கியது. இன்றைக்கு ‘ஃபேமிலிசர்ச்’ என்ற பெயரில் இயங்குகிறது.

அவர்களுக்கு இதில் ஒரு மத நோக்கம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை; முன்னோர்களுக்காகச் செய்யும் சடங்குகளுக்கு அவர்களுக்கு அந்தப் பெயர்கள் வேண்டும். அதனால் சர்ச்சைகளும் எழுந்திருக்கின்றன. அது பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரிட்டனில் ‘ஃப்ரீசென்’ என்றொரு முயற்சி இருக்கிறது. அதுவும் தொண்டர்களால் நடப்பதுதான், தேட விரும்புகிறவரிடம் காசு வாங்குவதில்லை. நீங்கள் இலவசமாக உழைத்துக் கொடுத்ததை வேறொருவர் சந்தாப் போட்டு விற்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இப்போது ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குடும்பத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால் 1870-ல் முட்டி நிற்பார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனித்தாள் இருந்தது. அதில் உடைமைக்காரரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே, பெண், வயது 30. ஆண், வயது 8. பெண், வயது 2. பெயர் கிடையாது. அந்த முப்பது வயதுப் பெண் யார்? எட்டு வயதுப் பையன் அவள் பிள்ளையா? தாள் சொல்லாது. விடுதலைக்குப் பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோருக்கு முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்டது.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்க்க வழி உண்டா? விடுதலையானவர்களுக்காக 1865-ல் தொடங்கிய ஒரு சேமிப்பு வங்கி இருந்தது. கணக்குத் தொடங்க வந்தவரிடம் தாய் யார், தகப்பன் யார், உடன்பிறந்தவர்கள் எங்கே என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தார்கள். வங்கி 1874-ல் மூழ்கியது, ஏழைகளின் பணம் போயிற்று, பேரேடுகள் மிஞ்சின. அந்தப் பேரேடுகளுக்குப் பெயரடைவு போட்டவர்கள் யார் தெரியுமா? யூட்டா மாநிலச் சிறையின் கைதிகள். ஐநூறுக்கும் மேற்பட்ட கைதிகள், ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள், தாங்களாக முன்வந்து செய்தார்கள். சிறைக்குள் எண்ணால் அழைக்கப்பட்டவர்கள், பெயர் மறுக்கப்பட்டவர்களின் பெயர்களை எடுத்துக் கொடுத்தார்கள். 2001-ல் வெளிவந்தபோது நாலு லட்சத்து எண்பதாயிரம் பெயர்கள் அதில் இருந்தன.

இதையெல்லாம் இப்போது இயந்திரம் செய்துவிடாதா என்று கேட்கும் முகங்கள் தெரிகின்றன. செய்கிறது. 1950 கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஏப்ரல் 1-ல் திறக்கப்பட்டபோது, கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் முதல் அடைவை அன்றைக்கே கொடுத்துவிட்டது. பிறகு மனிதர்கள் எதற்கு? அது படித்ததைச் சரிபார்க்கத்தான். மறுபடியும் தொண்டர்களையே கூப்பிட்டார்கள். மை கசிந்த இடத்தில், அடித்துத் திருத்திய இடத்தில், இரண்டு வரிக்கு நடுவே நுணுக்கி நுழைத்த பெயரில் இயந்திரம் தடுமாறுகிறது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், ஆங்கிலக் கூட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்று வெளிப்படையாகவே அழைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு தலைமுறைக்குக் கூட்டெழுத்தே பழக்கமில்லை. முன்வரிசைப் பெரியவர்களைத் தேடியது இதற்காகத்தான்! நாலு கோட்டு நோட்டில் கூட்டெழுத்து எழுதி, பிறகு முப்பது வருஷம் மையால் பதிவேடு எழுதிய கண்கள் உங்களுடையவை.

பெயரைத் தேடக் கொடுப்பது எப்போதும் நல்லதுதானா? அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. அதே 1940 கணக்கெடுப்பின் வட்டார விவரங்கள்தாம் 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதியில் வசிக்கிறார்கள் என்று ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தன. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அந்த 72 ஆண்டுக் கதவு அவசியமான கதவு. பிரிட்டனில் 100 ஆண்டு. கதவு தானாகத் திறந்த பிறகு உள்ளே போவதுதான் இந்தத் தொண்டு, பூட்டை உடைப்பதல்ல.

நமக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். நம் கணக்கெடுப்புத் தாள்கள் போய்விட்டன. ஆனால் நம்மவர்களைப் பெயர் பெயராக எழுதி வைத்த பதிவேடு ஒன்று கடல் கடந்து இருக்கிறது. மதராசிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பகுதி மதராசிலிருந்து கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு மச்சம்.

எதற்கு எழுதினார்கள்? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஓடியவரைப் பிடிப்பதற்காகக் கேட்டு எழுதிய ஊர்ப் பெயர், இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் மாவட்டங்களுக்கு வந்து இறங்கக் கைகொடுக்கிறது. அந்தப் பட்டியல்களை டர்பனில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள் வரி வரியாகக் கணினியில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றியதால்தான், குடும்பத்தில் வழிவழியாகக் காப்பாற்றி வந்த அந்த எண்ணை வைத்துக்கொண்டு கப்பலையும் ஊரையும் கண்டுபிடிக்க முடிகிறது. மொரிஷியஸில் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் இப்படிப்பட்ட பதிவேடுகள் பாதுகாப்பாக இருக்கின்றன.

இந்தப் பட்டியல்களில் நம் பெயர்கள் என்ன பாடு படுகின்றன! தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. ஒரே முனுசாமி நாலு விதமாக இருப்பார். ஊர்ப் பெயர் பாதி கரைந்திருக்கும். ஜில்லா மட்டும் ‘சிங்கில்பட்’, ‘ட்ரிச்சினாபோலி’ என்று கம்பீரமாக நிற்கும். இங்கே உங்களுக்குத் தெரிந்தது டர்பனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஊர்ப் பெயரின் வால் ‘பாக்கம்’ என்பதா, ‘பட்டு’ என்பதா, அந்த ஜில்லாவில் அப்படி ஓர் ஊர் இருக்க முடியுமா என்று உங்களுக்குப் படும். அப்போதும் விரதத்தை முறிக்காதீர்கள். குமாஸ்தா எழுதியது அவருடைய கட்டத்தில் அப்படியே இருக்கட்டும். இது இன்ன ஊராக இருக்கலாம் என்று நீங்கள் நினைப்பதைக் குறிப்பாகத் தனியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தை அவர் எழுத்தோடு கலந்துவிட்டால், நாளைக்கு வேறொரு ஊர்க்காரர் வந்து சரியான விடை சொல்லும் வழியே அடைந்துபோகும்.

நிறையப் பேசிவிட்டேன், இனி வேலை. இந்த நூலகத்தின் கணினி அறையை இன்றைக்கு எட்டு மணி வரை திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஃபேமிலிசர்ச், ஃப்ரீசென் இரண்டிலும் எப்படிப் பதிவு செய்வது என்று காட்டுகிறேன். முதலில் சிரமமான கையெழுத்தை எடுக்காதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு என்று குறித்த தாளையே எடுங்கள். ஒரு பெரியவரும் ஓர் இளைஞருமாக ஜோடி சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் படிக்கட்டும், ஒருவர் தட்டட்டும். பெரியவர்கள் மூக்குக்கண்ணாடியை இங்கே விட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். கேள்விகளை அங்கேயே, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். வாருங்கள், போகலாம்.